கூரைக்கு ஒரு பரிசோதனை. இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி
புளோரிடா மாநிலத்தின் அனுபவமும் நம் ஓட்டு வீடு, தகரக் கொட்டகைகளுக்கான பாடமும்

பயிருக்கு இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளும் விவசாயிகள் இன்று ஏராளம். மாட்டிற்கும் டிராக்டருக்கும் கூட செய்கிறார்கள். ஆனால் தாம் குடியிருக்கும் வீட்டிற்கு இன்ஷூரன்ஸ் செய்தவர்களை ஒரு கிராமத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2011 டிசம்பர் 30ல் கடலூரைத் தாக்கிய தானே புயலிலும், 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலிலும், மரம் போனதைப் போலவே கூரையும் போயிற்று. தென்னையை மீண்டும் நட்டுக் காய்க்க வைக்கப் பல வருஷம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூரை போன வீட்டில் நனைந்த விதை நெல், உரம், பத்திரம், பிள்ளைகளின் பாடப் புத்தகம் ஆகியவற்றின் நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அமெரிக்காவின் தெற்கு மூலையில் உள்ள புளோரிடா மாநிலம் ஏறத்தாழ ஆண்டுதோறும் புயல் பயத்தில் இருக்கும் பூமி. அங்கே ஒரு முறை நடைமுறையில் உள்ளது. வீட்டின் கூரை, ஆணி, ஜன்னல் ஆகியவை புயலைத் தாங்குமா என்று உரிமம் பெற்ற ஒருவர் வந்து பரிசோதித்துப் படிவம் எழுதித் தருவார். வீடு தேறினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டணத்தைக் குறைக்க வேண்டும். இது அந்த மாநிலத்துச் சட்டம். இந்தப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நம் வீட்டுக் கூரையை நாமே பரிசோதிக்கலாம்.

ஆண்ட்ரூ புயல் காட்டியது

1992 ஆகஸ்டு 24 அன்று ஆண்ட்ரூ என்ற புயல் மயாமி நகரத்திற்குத் தெற்கே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 265 கிலோ மீட்டர். அடிபட்டது ஹோம்ஸ்டெட் என்ற ஊரும் அதைச் சுற்றியுள்ள பகுதியும். அது எலுமிச்சை, வெண்ணெய்ப் பழம், மாந்தோப்பு, நாற்றுப் பண்ணைகள் நிறைந்த விவசாயப் பிரதேசம். 25,000க்கும் அதிகமான வீடுகள் முற்றிலும் அழிந்தன. மேலும் ஒரு லட்சம் வீடுகள் சேதமடைந்தன. ஹோம்ஸ்டெட்டில் சக்கரத்தின் மேல் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தும் வண்டி வீடுகள் 1,176 இருந்தன. புயலுக்குப் பின் மிஞ்சியவை ஒன்பதே.

பொறியியல் வல்லுநர்கள் இடிபாடுகளைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று. பல வீடுகளில் சுவர் அப்படியே நின்றது, கூரை மட்டும் போயிருந்தது. கூரையின் மேல் விரிக்கும் ஒட்டுப்பலகையை ஆணிக்குப் பதிலாக, காகிதத்தைத் தைப்பது போன்ற 'ஸ்டேப்பிள்' ஊசிகளால் அடித்திருந்தார்கள். அவசர வேலையில் பல ஊசிகள் கைமரத்தில் இறங்காமல் பக்கத்து வெறும் இடத்தில் இறங்கியிருந்தன. இரண்டு பக்கம் சரிந்து, மற்ற இரு பக்கமும் முக்கோணச் சுவராக நிற்கும் வீடுகளில் அந்த முக்கோணம் முதலில் விழுந்தது. நான்கு பக்கமும் சரிந்த கூரைகள் அவற்றைவிட நன்றாகத் தாங்கின. தொண்டர்களைக் கொண்டு ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஒரு ஸ்தாபனத்தின் வீடுகள் அதே பகுதியில் பெரும்பாலும் தப்பின. தச்சு வேலை பழகாதவர்கள் தேவைக்கு மேல் ஆணி அடித்துவிட்டார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்!

நஷ்ட ஈடு கொடுக்க முடியாமல் 11 இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் திவாலாயின. அதன் பிறகே அரசு விழித்துக்கொண்டது. 2002 மார்ச் முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது. பலமாகக் கட்டிய வீட்டிற்கும் மட்டமாகக் கட்டிய வீட்டிற்கும் ஒரே கட்டணம் வாங்குவது நியாயமில்லை என்று, பலமான வீட்டிற்குத் தள்ளுபடி தருவதும் கட்டாயமாயிற்று.

காற்று கூரையை எப்படித் தூக்குகிறது?

காற்று கூரையை அமுக்கித் தள்ளுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. வேகமாகப் போகும் காற்று, கூரையின் மேல் உறிஞ்சு விசையை உண்டாக்கி அதை மேல்நோக்கி இழுக்கிறது. அதே சமயம் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலோ கதவோ உடைந்து உள்ளே காற்று புகுந்தால், அது கீழிருந்து கூரையை முட்டுகிறது. மேலே இழுப்பு, கீழே முட்டு. இரண்டும் சேரும்போது கூரை பறக்கிறது. 'காற்று போக வழி விட்டால் வீடு தப்பும்' என்று காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்போர் உண்டு. அது ஆபத்தை வரவேற்பதாகும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ. 200 கிலோ மீட்டரில் சுமார் 190 கிலோ. கூரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டிலும் இழுப்பு இதைவிட அதிகம்.

20 அடிக்கு 15 அடி உள்ள ஒரு தகரக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். தகரத்தின் எடை சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோ வீதம் மொத்தம் 140 கிலோவுக்குள் அடங்கும். 100 கிலோ மீட்டர் காற்றின் விசையோ 1,300 கிலோ. ஆக, கூரையைப் பிடித்து வைப்பது அதன் எடை அல்ல. போல்ட்டும் ஆணியும் கட்டுமே. தகரத்தின் மேல் நாலு செங்கல்லும் ஒரு பழைய டயரும் ஏற்றி வைப்பதால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புயலில் அந்தச் செங்கல்லே பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழும்.

பரிசோதனையில் பார்ப்பவை

புளோரிடாவின் படிவத்திற்கு ஓ.ஐ.ஆர்-பி1-1802 என்று எண். கட்டட ஆய்வாளர், பொறியாளர், கட்டடக் கலைஞர், உரிமம் பெற்ற கட்டட ஒப்பந்தக்காரர், அதற்கான பயிற்சி பெற்ற வீட்டுப் பரிசோதகர் போன்றோரே இதில் கையெழுத்திட முடியும். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் சேர்க்க வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் கிரிமினல் குற்றம். வீட்டில் பெரிய மாற்றம் ஏதும் செய்யாவிட்டால் படிவம் ஐந்து வருஷம் வரை செல்லும்.

ஏழு கேள்விகள் உள்ளன. எந்த விதியின் கீழ் கட்டப்பட்டது, மேல் ஓடு எந்த வருஷத்தில் எந்த அனுமதியுடன் போடப்பட்டது என்ற இரண்டும் காகிதத்தைப் பார்த்து எழுதுபவை. மற்றவற்றிற்குப் பரிசோதகர் டார்ச் விளக்குடன் கூரைக்கு அடியில் ஏற வேண்டும்.

முதலில் ஆணி. ஒட்டுப்பலகையை இரண்டரை அங்குல ஆணியால், நடுப்பகுதியில் 12 அங்குலத்திற்கு ஒன்றாக அடித்திருந்தால் அது சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ இழுப்பைத் தாங்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதே ஆணியை 6 அங்குலத்திற்கு ஒன்றாக அடித்தால் சுமார் 890 கிலோ. மரம் அதே, பலகை அதே. கூடுதல் செலவு ஒரு கூடை ஆணி.

அடுத்தது கைமரத்திற்கும் சுவருக்கும் உள்ள பிணைப்பு. என் அபிப்பிராயத்தில் ஏழில் இதுவே தலையானது. கைமரத்தைச் சுவர்க் கட்டையில் சாய்வாக ஆணி அடித்து நிறுத்தியிருந்தால் கடைசி மதிப்பெண். இரும்புத் தகட்டுக் கிளிப் பிடித்திருந்தால் அதற்கு மேல். தகட்டுப் பட்டை கைமரத்தின் மேலாகச் சுற்றி வந்து மறு பக்கமும் ஆணி அடிக்கப்பட்டிருந்தால் இன்னும் மேல். ஒவ்வொரு தகட்டிலும் குறைந்தது மூன்று ஆணி இருக்க வேண்டும். இரண்டே ஆணி என்றால், தகடு இருந்தும் இல்லாத கணக்குத்தான். சாய்வு ஆணி என்றே எழுதுவார்கள். துரு ஏறி அரித்திருந்தாலும் அப்படியே.

பிறகு கூரையின் வடிவம். நான்கு பக்கமும் சரிந்ததற்குத் தள்ளுபடி. நான்கு பக்கச் சரிவில் அல்லாத பகுதி சுற்றளவில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிட்டால் அந்தச் சலுகை இல்லை. அதற்கடுத்து, மேல் ஓடு போனாலும் மழை உள்ளே இறங்காதபடி பலகையின் மேல் ஒட்டும் தார்ப்பட்டை உண்டா என்ற கேள்வி. கடைசியாக ஜன்னல், கதவு. புயல் தடுப்புக் கதவுக்குக் கடுமையான சோதனை வைத்திருக்கிறார்கள். நாலு கிலோ எடையுள்ள மரச் சட்டத்தை மணிக்குச் சுமார் 55 கிலோ மீட்டர் வேகத்தில் அதன் மேல் எறிந்து பார்ப்பார்கள். அது துளைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

இந்தப் படிவத்தில் கவனிக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. 'மிகவும் பலவீனமான பிணைப்பு எது?' என்றுதான் கேட்கிறது. நாற்பது கைமரத்தில் பட்டை போட்டு ஒரு பகுதியில் வெறும் ஆணி விட்டிருந்தால், மதிப்பெண் வெறும் ஆணிக்குத்தான். எட்டு ஜன்னலில் ஏழுக்குக் கதவு வைத்து ஒன்றை விட்டாலும் முழுச் சலுகை இல்லை. வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். ஆனால் காற்று அந்த எட்டாவது ஜன்னலைத்தானே தேடி வருகிறது!

லாபக் கணக்கு

தள்ளுபடி மொத்தக் கட்டணத்திற்கும் கிடையாது. அதில் காற்றுச் சேதத்திற்கென்று உள்ள பகுதிக்கு மட்டுமே. கடலோரத்தில் அந்தப் பகுதியே பெரிது, உள்நாட்டில் சிறிது. உதாரணத்திற்கு, ஒருவர் வருஷத்திற்கு 4,000 டாலர் கட்டுவதாகவும், அதில் 2,500 டாலர் காற்றுக்கு என்றும், தள்ளுபடி 40 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். மீதமாவது 1,000 டாலர். பரிசோதனைக் கட்டணமோ நூறு டாலரை ஒட்டியே இருக்கும். அதுவும் ஐந்து வருஷத்திற்கு ஒரு முறை. வீட்டில் ஏற்கனவே பட்டையும் ஆணியும் சரியாக இருந்தும் படிவம் வாங்காததால் வருஷக் கணக்கில் கூடுதலாகக் கட்டுபவர்களும் உண்டு.

பலவீனமான வீட்டைத் திருத்த அரசும் உதவுகிறது. 2006ல் தொடங்கி, இடையில் பணமின்றி நின்று, 2022ல் மீண்டும் உயிர் பெற்ற திட்டம் ஒன்றில், இலவசப் பரிசோதனையும், வீட்டுக்காரர் ஒரு டாலர் போட்டால் அரசு இரண்டு டாலர் வீதம் 10,000 டாலர் வரை மானியமும் தரப்பட்டன.

இதனால் புளோரிடாவில் இன்ஷூரன்ஸ் மலிவாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் இயான் புயல் அடித்த காலத்தையொட்டிக் கட்டணம் கடுமையாக ஏறிற்று. பல கம்பெனிகள் மூடிக்கொண்டன. ஏறுகிற கட்டணத்தில் பலமான வீட்டுக்காரருக்குக் குறைவாக ஏறுகிறது. அவ்வளவே.

நம் வீட்டில் பார்க்க வேண்டியவை

கூரையைப் பரிசோதித்து வந்தால் கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே இங்கே பரிசோதனையின் பலன் தள்ளுபடியில் இல்லை; கூரை நிற்பதில் உள்ளது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

தகரம் அல்லது சிமெண்டு சீட் போட்ட வீட்டில் ஜே போல்ட்டை முதலில் பாருங்கள். போல்ட் சீட்டின் மேட்டில் இறங்கியிருக்க வேண்டும்; பள்ளத்தில் இறக்கினால் ஒழுகும், துருப்பிடிக்கும். தார் வாசர் கெட்டிருந்தால் மாற்றுங்கள். நடுவில் மேட்டுக்கு மேடு போல்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; இறவானம், முகடு, நான்கு மூலை ஆகிய இடங்களில் நெருக்கமாக இருப்பது அவசியம். கிழிவது அங்கிருந்துதான் தொடங்கும். சுவரைத் தாண்டி வெளியே நீளும் சீட் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். நிழலுக்காக மூன்றடி நீட்டுபவர்கள் காற்றுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுக்கிறார்கள்.

திண்ணைக்கும் வாசலுக்கும் போடும் முன் சார்ப்பைப் பிரதானக் கூரையோடு ஒரே சட்டத்தில் சேர்க்காமல் தனியாகப் போடுவது நல்லது. சார்ப்பு போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. கூரையின் சரிவும் முக்கியம். மிகவும் தட்டையான கூரையில் இழுப்பு அதிகம். 22 முதல் 30 டிகிரி சரிவு ஏற்றது. புதிதாகக் கட்டுவோர் நான்கு பக்கச் சரிவைத் தேர்ந்தெடுக்கலாம்.

சட்டம் சுவரில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சும்மா வைத்துச் சாந்து பூசியிருப்பார்கள். போல்ட் வைத்திருந்தாலும் மேல் வரிசைச் செங்கல்லோடு நின்றுவிட்டால், காற்று அந்தச் செங்கல்லையும் சேர்த்துப் பிடுங்கும். கம்பி இரண்டரை, மூன்று அடி ஆழம் சுவருக்குள் இறங்கி, கான்கிரீட்டில் பதிந்திருந்தால்தான் சுவரின் எடை கூரைக்கு நங்கூரமாகும். பழைய வீட்டில் இதற்காகச் சுவரை முழுவதும் உடைக்க வேண்டியதில்லை. மூலைகளிலும் இடையிடையேயும் சுவரைக் கொத்திக் கம்பி இறக்கிக் கான்கிரீட் போடலாம். கைமரமும் சட்டமும் கூடும் இடத்தில் துத்தநாகம் பூசிய தகட்டுப் பட்டை அடிப்பதைக் கிராமத்துத் தச்சரே ஒரு நாளில் முடித்துவிடுவார். சீட் மாற்றும் சமயமே இதற்குச் சரியான சமயம். கூரை திறந்திருக்கும்போது வேலை பாதிக்குப் பாதி.

ஓட்டு வீட்டில் முகட்டு ஓடு, ஓரத்து ஓடு ஆகியவற்றைச் சாந்தில் பதித்து, நடுவிலும் குறுக்கே சிமெண்டுப் பட்டைகள் போட்டால் ஓடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கீற்று வீட்டுக்காரர்கள் புயல் அறிவிப்பு வந்ததும் கயிற்று வலையைக் கூரையின் மேல் போர்த்தி, கல்லில் கட்டித் தொங்கவிடாமல், தரையில் ஆழ அடித்த முளைகளில் இழுத்துக் கட்ட வேண்டும். இம்மாதிரி சிறு வீடுகளைப் புயலுக்குப் பலப்படுத்துவது குறித்து ஐ.எஸ். 15498 என்ற இந்தியத் தரக் குறிப்பு 2004லேயே வந்துள்ளது. உங்கள் பகுதிப் பொறியாளரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிமெண்டு சீட்டின் மேல் நேராக ஏறி நடக்கக் கூடாது. பார்ப்பதற்குத் திடமாக இருந்து திடீரென உடையும். புயலுக்குப் பின் கூரை சரி செய்யப் போய் விழுந்தவர்கள் பலர். சட்டங்களின் மேல் பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். அது கல்நார் கலந்த சீட் ஆனால், துளையிடும் முன் நனைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது

2021 ஏப்ரல் முதல் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீயோடு புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவையும் இதில் அடங்கும். வீட்டின் மதிப்பு என்பது மனை விலை அல்ல. இன்று அதே வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. வீட்டிற்குள் உள்ள சாமான்களுக்கு, கட்டட மதிப்பில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு.

படிவத்தில் கூரையைப் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கீற்றை ஓடு என்று எழுதிக் கட்டணத்தில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பவர், நஷ்ட ஈடு கேட்கும் நாளில் முழுவதையும் இழப்பார். மாட்டுக் கொட்டகையும் மோட்டார் அறையும் சேர்ந்தவையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாங்க் கடனுக்காக எடுத்த பாலிசி இருந்தால், அது கடன் தொகைக்கு மட்டுமா, முழு வீட்டிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்பட்ட தேய்மானத்திற்கும் பராமரிப்பின்றி விட்டதற்கும் பாலிசி பொறுப்பேற்பதில்லை. துருப்பிடித்துக் கழன்ற சீட் காற்றில் போனால், சேத மதிப்பீட்டாளர் அதைப் புயலின் கணக்கில் எழுதுவாரா, துருவின் கணக்கில் எழுதுவாரா என்ற வழக்கு எழும். அதற்குப் புளோரிடாக்காரர்களின் புகைப்பட வழக்கமே நல்ல பதில். புரட்டாசியில் பரிசோதனை முடிந்ததும், நான்கு பக்கச் சுவர், கூரையின் அடிப்புறம், போல்ட், பட்டை, ஜன்னல் ஆகியவற்றைக் கைபேசியில் தேதியுடன் படம் எடுத்து, வெளியூரில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். சீட், போல்ட் வாங்கிய ரசீதையும் பாலிசியோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் ஏறாத உயரத்தில் வைப்பது நலம்.